தொட்டியின் மேல் ஒரு பெயர்ச்சீட்டு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு நல்ல பொழுதுபோக்காக வீட்டில் மீன் வளர்க்கலாம் என்று தங்கள் நாளிதழின் வார இணைப்பில் வெளிவந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். அதில் தொடக்கக்காரர்கள் வாங்கத்தக்க மீன்களின் வரிசையில் கப்பி, மோலி, தங்கமீன் ஆகியவற்றுக்கு அடுத்து 'ஆப்பிரிக்கன் சிக்லிட்' என்று ஒரே சொல்லாக எழுதப்பட்டிருந்தது. பதினாறு ஆண்டுகளாக இந்த மீன்களை வளர்த்து வருகிறேன். கடைகளிலும் இந்த ஒற்றைச் சொல்லே வழங்குகிறது என்பதையும், வாங்கியவர்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்குள் மீன்கள் செத்து மிதப்பதற்குப் பெரும்பாலும் அதுவே தொடக்கம் என்பதையும் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே ஒரு சிறிய கோரிக்கையை முன்வைக்க இக்கடிதத்தை எழுதுகிறேன். வண்ணமீன் கடைகளில் ஒவ்வொரு தொட்டியின் மேலும், உள்ளே இருக்கும் மீனின் சரியான பெயர், அது எந்த ஏரியைச் சேர்ந்தது, எவ்வளவு பெரிதாக வளரும், எதைத் தின்னும் என்ற நான்கு விவரங்களையும் எழுதிய சீட்டு ஒன்று ஒட்டப்பட வேண்டும்.

சிக்லிட் என்பது ஒரு மீனின் பெயரன்று. மிகப் பெரியதொரு மீன் குடும்பத்தின் பெயர். தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஏஞ்சல், டிஸ்கஸ், ஆஸ்கர் ஆகியவையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவையே. ஆப்பிரிக்கக் கிளையில் நம் கடைகளுக்கு வருபவற்றில் மிகப் பல, மலாவி, தாங்கன்யிகா, விக்டோரியா என்னும் மூன்று பெரிய ஏரிகளைத் தாயகமாகக் கொண்டவை. ஏறத்தாழ 580 கிலோமீட்டர் நீளமுள்ள மலாவி ஏரியில் மட்டும் 500-க்கும் மேற்பட்ட சிக்லிட் இனங்கள் உள்ளன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை உலகில் வேறு எங்கும் இல்லாதவை. பைக்கால் ஏரிக்கு அடுத்தபடியாக உலகிலேயே ஆழமான ஏரியாகிய தாங்கன்யிகாவில், காலியான நத்தைக் கூட்டுக்குள் குடும்பம் நடத்தும் விரல் நீள மீன்களும் உண்டு, முக்கால் மீட்டருக்கு மேல் வளரும் மீனும் உண்டு. பாறை இடுக்குகளில் பாசியை மேய்ந்து வாழ்பவை, மணல்வெளியில் இரை தேடுபவை, செத்ததுபோல் அடித்தரையில் ஒருக்களித்துக் கிடந்து அருகில் வரும் குஞ்சுகளைப் பிடித்துத் தின்பவை என்று இவற்றின் வாழ்க்கை ஒன்றுக்கொன்று ஒட்டாதது. இவை அனைத்தும் ஒரே அங்குலக் குஞ்சாக இருக்கும்போது ஒரே தொட்டியில் கலந்து விடப்பட்டு, 'அசார்ட்டட் ஆப்பிரிக்கன்' என்ற பெயரில் பத்துப் பத்தாக எண்ணி விற்கப்படுகின்றன.

நானும் அப்படித்தான் வாங்கினேன். இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்ட, ஏறக்குறைய 56 லிட்டர் மட்டுமே பிடிக்கும் தொட்டியில் பத்துக் குஞ்சுகளை விட்டேன். அவற்றில் மஞ்சள் உடலில் கருங்கோடுகள் ஓடிய மிக அழகான ஒன்றை என் மகள் விரும்பித் தேர்ந்தெடுத்தாள். ஆறு மாதத்தில் அது மஞ்சள் நிறத்தை இழந்து கருநிற உடலில் வெளிர்க்கோடுகள் கொண்ட மீனாக மாறியது. மீன் நோயுற்றுவிட்டது என்று நாங்கள் கலங்கினோம். உண்மையில் அது ஆரடஸ் என்னும் மலாவி மீனின் ஆண். வளர்ந்து தனக்கென இடம் பிடித்ததும் அது இப்படித்தான் நிறம் மாறும். மலாவியின் பாறைவாழ் மீன்களிலேயே மிக மூர்க்கமானவற்றுள் ஒன்று அது. ஓட இடமில்லாத அந்தச் சிறு தொட்டியில் மற்ற ஒன்பதையும் ஒவ்வொன்றாக மூலைக்கு விரட்டி, செதிலுதிர அடித்து, அந்த ஆண்டு பொங்கலுக்குள் தனியாக நின்றது. குற்றம் அந்த மீனுடையதன்று. நான்கு விவரங்களை எழுதிய ஒரு சீட்டு அன்று அந்தத் தொட்டியில் இருந்திருந்தால் நான் அதை வாங்கியிருக்கவே மாட்டேன்.

அடுத்து நீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு இரண்டு வகைத் தண்ணீர் உண்டு. குழாயில் வரும் சிறுவாணி 'நல்ல தண்ணீர்'. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருவது 'உப்புத் தண்ணீர்'. குடிக்கவும் சமைக்கவும் முன்னது, துவைக்கவும் கழுவவும் பின்னது என்பது கோவைக்காரர்கள் எல்லோருக்கும் பழகிய வழக்கம். மீனையும் பிள்ளைபோல் வளர்க்க வேண்டும் என்ற எண்ணத்தில் நானும் நல்ல தண்ணீரையே ஊற்றினேன். கடைக்காரரும் அதையே சொன்னார், முடிந்தால் ஆர்.ஓ. தண்ணீர் இன்னும் நல்லது என்றும் சொன்னார். இது அன்போடு செய்யப்பட்ட தவறு. நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு பி.எச். எனப்படும்; 7-க்கு மேல் காரம், கீழே அமிலம். மலாவி ஏரி நீரின் பி.எச். 7.7 முதல் 8.6 வரை இருக்கும். தாங்கன்யிகாவில் அது 9-ஐத் தொடும். பைகார்பனேட் என்னும் கார உப்பு செறிந்திருப்பதால் அந்த நீர் எளிதில் அமிலத்தன்மைக்கு மாறாது. சிறுவாணி நீரோ தாது உப்புகள் மிகக் குறைந்த மென்னீர், ஆர்.ஓ. நீரில் எஞ்சியிருக்கும் தாதுவும் நீங்கிவிடுகிறது. இத்தகைய நீரில் மீன் கழிவு சேரச் சேரத் தாங்கிப்பிடிக்கும் காரம் ஏதுமின்றிப் பி.எச். சரிந்துகொண்டே போகும். ஏஞ்சல் மீனுக்கு ஏற்ற அந்த நீரில் மலாவி மீன் செதில் மங்கி, துடுப்புகளை உடலோடு ஒட்டிக்கொண்டு, பசியிழந்து நிற்கும்.

நாம் துணி துவைக்க ஒதுக்கிய கிணற்று நீர்தான் இந்த மீன்களுக்குப் பெரும்பாலும் பொருத்தமானது. இப்போது என் தொட்டியில் மூன்று பங்கு கிணற்று நீரும் ஒரு பங்கு சிறுவாணி நீரும் கலந்து ஊற்றுகிறேன். எல்லாத் தெருவின் கிணற்று நீரும் ஒன்றாக இராது என்பதால், பி.எச்., கடினத்தன்மை, கார்பனேட் அளவு ஆகியவற்றை ஒருமுறையாவது சோதித்துப் பார்த்துவிட்டே இந்த விகிதத்தை அவரவர் முடிவு செய்ய வேண்டும். மலாவி ஏரியின் கடினத்தன்மை உண்மையில் நடுத்தரமானதே. உப்புக்கரிக்கும் கிணற்று நீரை அப்படியே ஊற்றுவதும் சரியாகாது. 'உப்புத் தண்ணீர் மீன்' என்ற சொல்லைக் கேட்டுவிட்டுக் கல்லுப்பைக் கைப்பிடி கைப்பிடியாகப் போடுகிறவர்களையும் கண்டிருக்கிறேன். அந்த ஏரிகளில் கூடுதலாக இருப்பது சமையல் உப்பன்று. பைகார்பனேட்டும் கால்சியமும் மக்னீசியமும்தான். மென்னீர் மட்டுமே கிடைக்கும் வீட்டில் ஆப்பசோடாவும் எப்சம் உப்பும் சிறிதளவு கலந்து, நாள்கணக்கில் மெதுவாக உயர்த்திக்கொள்ளலாம். வடிகட்டிக்குள் கிளிஞ்சல் ஓடுகளையோ சுண்ணாம்புக் கற்களையோ ஒரு துணிப்பையில் கட்டி வைத்தாலும் காரம் நிலைநிற்கும். சிலர் இதற்கென்று பவளத் துண்டுகளைக் கேட்டு வாங்குகிறார்கள். பவளப்பாறைகள் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காக்கப்படுபவை என்பதையும், கிளிஞ்சல் செய்யும் வேலைக்குப் பவளம் தேவையில்லை என்பதையும் அவர்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

கார நீருக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. அதைக் கடைகளில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உருவாகிறது. நீரில் அது இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று ஓரளவு தீங்கற்றது, மற்றொன்று கொடிய நஞ்சு. 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 ஆக இருக்கும்போது மொத்த அம்மோனியாவில் நஞ்சு வடிவம் நூற்றில் ஒரு பங்குகூட இராது, பி.எச். 8-இல் அது நூற்றில் ஐந்து பங்குக்கு மேலாகும். 9-இல் மூன்றில் ஒரு பங்கையும் தாண்டிவிடும். வெப்பம் ஏற ஏற இந்தப் பங்கு இன்னும் கூடும். அதாவது, மென்னீரில் கப்பி மீன்கள் தாங்கிக்கொள்ளும் அதே அளவு அழுக்கை, சித்திரை மாதத்து வெயிலில் கார நீரில் நிற்கும் சிக்லிட்டால் தாங்க முடியாது. இதனால்தான் புதுத் தொட்டி வாங்கிய அன்றே மீனையும் வாங்கி விடுவது இவற்றின் விஷயத்தில் பெருந்தவறாகிறது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை ஓரளவு தீங்கற்ற நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். ஏற்கெனவே நன்றாக ஓடும் தொட்டி ஒன்றிலிருந்து அழுக்குப் படிந்த பஞ்சில் ஒரு துண்டை வாங்கிவந்து போட்டால் அந்தக் காலம் குறையும். வடிகட்டியைக் குழாய் நீரில் பளிச்சென்று அலசினால், குளோரின் பட்டு அந்த நுண்ணுயிர்கள் அழிந்துபோகக்கூடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அதை அலச வேண்டும். மின்வெட்டு நீண்டால் வடிகட்டிக்குள் நீரோட்டம் நின்று நுண்ணுயிர்கள் மூச்சுத்திணறும் என்பதால், பேட்டரியில் இயங்கும் சிறு காற்று மோட்டார் ஒன்றை நான் எப்போதும் கைவசம் வைத்திருக்கிறேன்.

தொட்டியின் அளவு பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மலாவிப் பாறைமீன்களுக்கு நான்கடி நீளம் வேண்டும். நான்கடிக்கு ஒன்றரை அடி, ஒன்றரை அடி என்றால் ஏறக்குறைய 255 லிட்டர். ஓர் ஆணுக்கு மூன்று நான்கு பெண்கள் என்ற கணக்கில் சேர்க்க வேண்டும். பாறைகளை மணலின் மேல் வைக்காமல், தெர்மோகோல் தாளுக்கு மேல் நிறுத்தியுள்ள தொட்டியின் அடிக்கண்ணாடியில் முதலில் அமர்த்திவிட்டுப் பிறகு மணலைப் போட வேண்டும். இவை ஓயாமல் மணலைத் தோண்டுகிற மீன்கள், அடியில் குழி விழுந்து பாறை சரிந்தால் கண்ணாடி உடையும்.

உணவு விஷயத்தில்தான் பெயர் தெரியாமையின் கேடு மிகவும் வெளிப்படையாகத் தெரிகிறது. பாறையில் படர்ந்த பாசியை மேய்வதற்கென்று அமைந்த மீன்களுக்கு, நம் வீட்டு ஆடுமாடுகளைப் போலவே குடல் நீளமாக இருக்கும். அவற்றுக்குச் சாக்கடை ஓரங்களில் அள்ளப்பட்டு வரும் சிவப்புப் புழுவையும் இறைச்சியையும் நாள்தோறும் போட்டால் செரிக்காமல் வயிறு உப்பி, வெண்ணிறக் கழிவு இழுத்து, ஒரு வாரத்தில் மடியும். 'மலாவி உப்பல்' என்று வளர்ப்போர் அஞ்சும் நோய் இதுதான். தாங்கன்யிகாவின் ட்ரோஃபியஸ் என்னும் பாசி மேயும் மீன் இதற்கு மிக எளிதில் இரையாகும். எலெக்ட்ரிக் எல்லோ என்று கடைகளில் விற்கும் மஞ்சள் மீன் பாறை இடுக்கிலுள்ள சிறு உயிரிகளைப் பொறுக்கித் தின்னும் இனமாதலால் சற்றுத் தாங்கும். வீனஸ்டஸ் முழுமையான வேட்டை மீன், ஓரடிக்குச் சற்றுக் குறைவாக வளரும். இம்மூன்றும் ஒரே தொட்டியில், ஒரே பெயரில், ஒரே தீவனத்தோடு விற்கப்படுவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். பாசி மேய்பவற்றுக்கு ஸ்பைருலினா என்னும் நுண்பாசி கலந்த தீவனத்தை அளவாகக் கொடுத்து, வாரத்தில் ஒருநாள் பட்டினி போடுவதே என் வழக்கம். வேகவைத்த கீரைத் துண்டையும் விரும்பித் தின்கின்றன.

இந்த மீன்கள்மேல் எனக்கு இத்தனை பற்று ஏற்பட்டதற்குக் காரணம் அவற்றின் நிறமன்று. இரண்டாவது ஆண்டில் எங்கள் எலெக்ட்ரிக் எல்லோ மஞ்சள் மீன் ஒன்று திடீரென்று உணவை நிறுத்தியது. தாடை புடைத்து, வாய் மூடியும் மூடாமலும் எதையோ மெல்லுவதுபோல் அசைந்தபடி, ஒரு பாறைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டது. தொண்டையில் கட்டி என்று கடையில் சொல்லி நீல மருந்து கொடுத்தார்கள். மருந்துக்காக வலையில் பிடித்தபோது அது வாயைத் திறந்து முட்டைகளைத் துப்பிவிட்டது. மிளகளவு இருந்த அம்முட்டைகள் வலையில் சிதறிக் கிடந்ததை இன்றும் நினைத்தால் மனம் கனக்கிறது. மலாவி மீன்களில் ஏறத்தாழ அனைத்திலும் தாய்தான் முட்டைகளை வாயில் சுமக்கிறாள். ஆணின் கீழ்த்துடுப்பில் முட்டையைப் போலவே தோன்றும் மஞ்சள் புள்ளிகள் இருக்கும். அவற்றையும் தன் முட்டையென்று எண்ணிக் கவ்வச் செல்லும்போது பெண்ணின் வாயிலுள்ள முட்டைகள் கருவுறுகின்றன. அதன்பின் ஏறக்குறைய மூன்று வாரம், வாய்க்குள் முட்டைகளை உருட்டிக்கொண்டு, ஏதும் உண்ணாமல் காத்து, நீந்தத் தெரிந்த குஞ்சுகளாக வெளியே விடுகிறாள். அடுத்த முறை நாங்கள் விளக்கை அணைத்துவிட்டு, பிள்ளைகளைத் தொட்டியருகில் ஓடவேண்டாம் என்று சொல்லி, பொறுத்திருந்தோம். இருபத்திரண்டாம் நாள் பதினேழு குஞ்சுகள் பாறை இடுக்கில் தெரிந்தன.

அந்த மஞ்சள் மீனின் அறிவியல் பெயர் லாபிடோக்ரோமிஸ் செருலியஸ். அதில் இரண்டாம் சொல்லுக்கு 'நீலம்' என்று பொருள். 1956-இல் முதன்முதலில் விவரிக்கப்பட்டபோது அறிவியலாளர் கண்டது மஞ்சள் மீனை அன்று. மஞ்சள் வகை ஏரியின் வடமேற்குக் கரையை ஒட்டிய சிறிய பகுதியில் மட்டுமே வாழ்கிறது. ஒரே இனம் பாறைக்குப் பாறை வேறு நிறம் கொள்வது இந்த ஏரியில் இயல்பு என்பதால், இங்கே பெயரோடு இடத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் பெயர் முழுமையாகும். கலந்து விற்கப்படும் குஞ்சுகள் வளர்ந்து ஒன்றோடொன்று கூடி ஈனும் கலப்புக் குஞ்சுகள் மீண்டும் கடைக்கே வந்து, மீண்டும் பெயரின்றி விற்கப்படுகின்றன. இரண்டு மூன்று தலைமுறைக்குப் பின் அது எந்த மீன் என்று யாராலும் சொல்ல முடியாது. சில இடங்களில் இளங்குஞ்சுகளுக்கு ஹார்மோன் கொடுத்து நிறமேற்றி விற்பதும் நடக்கிறது. அந்த நிறம் வீட்டுக்கு வந்த சில மாதங்களில் வெளுத்துவிடும்.

பெயர் அழிவதை ஒரு சிறிய விஷயமாக என்னால் கருத முடியவில்லை. சவ்லோசி என்ற அழகிய மலாவி மீன், சிசுமுலு தீவின் அருகிலுள்ள ஒரே ஒரு பாறைத்திட்டில் மட்டும் வாழ்வது. அலங்கார மீன் வணிகத்துக்காக அளவின்றிப் பிடிக்கப்பட்டதால் இன்று அது அற்றுப்போகும் விளிம்பில் உள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. விக்டோரியா ஏரியில் 1950-களில் கொண்டுவந்து விடப்பட்ட நைல் பெர்ச் என்னும் பெருமீன் 1980-களில் பல்கிப் பெருகியபோது, நீரின் மாசும் சேர்ந்துகொள்ள, ஏறக்குறைய 200 சிக்லிட் இனங்கள் கண்ணுக்கு மறைந்தன என்று மதிப்பிடப்படுகிறது. ஏரியில் அருகிவரும் மீனுக்கு, உலகெங்கும் உள்ள தொட்டிகளில் கலப்பின்றிப் பேணப்படும் வழித்தோன்றல்கள் ஒரு சேமிப்பாக அமையக்கூடும். அப்படிப்பட்ட மீன் நம் வீட்டுக் கூடத்தில் இருந்தும் அதன் பெயர் நமக்குத் தெரியாமலிருப்பது வருத்தத்துக்குரியது.

வளர்க்க முடியாமல் போகும்போது நடப்பதையும் சொல்லியாக வேண்டும். தொட்டியை மூடிவிட நினைப்பவர்கள் மீனைக் கொல்ல மனமின்றி அருகிலுள்ள குளத்தில் விட்டுவிடுகிறார்கள். அவர்கள் இரக்கத்தை நான் மதிக்கிறேன். செயலை ஏற்க முடியவில்லை. ஆப்பிரிக்க சிக்லிட் நம் ஊருக்குப் புதிதன்று. நாம் ஜிலேபி என்றழைக்கும் மீன் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அது, தாய் வாயில் குஞ்சுகளைக் காக்கும் அதே திறத்தால், பிற மீன்களின் இடத்தையெல்லாம் பிடித்துக்கொண்டு பரவியது. உக்கடம் பெரியகுளத்தின் கரையில் நின்று பார்க்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 'டேங்க் கிளீனர்' என்று தொட்டிக்கு வாங்கப்பட்டுக் குளங்களுக்குப் போய்ச்சேர்ந்த மீன் இன்று மீனவர்களின் வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. வளர்க்க முடியாத மீனைக் கடையிலோ வேறொரு வளர்ப்பவரிடமோ ஒப்படைக்க வேண்டும். வாங்கிய கடையே திரும்ப எடுத்துக்கொள்ளும் ஏற்பாடும் இருக்க வேண்டும்.

சீட்டு ஒட்டுவதில் கடைக்காரர்களுக்கு ஒரு நியாயமான இடர்ப்பாடு இருப்பதை நான் அறிவேன். சென்னைக் கொளத்தூர் முதலான மொத்தச் சந்தைகளிலிருந்து பெட்டிகள் வரும்போதே பெயரின்றிக் கலந்துதான் வருகின்றன; தெரியாத பெயரை அவர்கள் எப்படி எழுதுவார்கள்? ஆகவே சீட்டு, மீன்குஞ்சுகளை முட்டையிலிருந்து பொரிக்க வைக்கும் பண்ணையிலேயே தொடங்கி, பையோடு கூடவே பயணம் செய்ய வேண்டும். மாநில மீன்வளத் துறை, பண்ணைகளுக்கும் மொத்த வணிகர்களுக்கும் இதை ஒரு நிபந்தனையாக வைக்கலாம். மீன்வளப் பல்கலைக்கழகம், நம் கடைகளில் வழக்கமாகக் கிடைக்கும் முப்பது நாற்பது சிக்லிட் இனங்களுக்காவது குஞ்சாகவும் முதிர்ந்தும் இருக்கும் படங்களோடு ஒரு தமிழ்க் கையேடு வெளியிட்டால், பெயரறியாத கடைக்காரருக்கும் வாங்க வரும் பெற்றோருக்கும் அது ஒருங்கே பயன்படும்.

சென்ற மாதம் என் தொட்டியில் பிறந்த குஞ்சுகளில் நாற்பதை எங்கள் பகுதிக் கடை ஒன்றுக்குக் கொடுத்தேன். பெயர், ஏரி, வளரும் அளவு, உணவு ஆகியவற்றை ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தபோது, அந்தக் கடைக்காரர் அதைத் தொட்டியின் முகப்பிலேயே ஒட்டினார். அட்டையைப் படித்துவிட்டு, இரண்டடித் தொட்டி வைத்திருந்த ஒருவர் இந்த மீன் வேண்டாமென்று கப்பி வாங்கிச் சென்றாராம். விற்பனை கெட்டுவிட்டதா என்று நான் தயங்கிக் கேட்டேன். அவருடைய மீன்கள் உயிரோடிருந்தால் அடுத்த மாதமும் தீவனம் வாங்க வருவார் என்றார் கடைக்காரர். தங்கள் நாளிதழ், அந்த வார இணைப்புக் கட்டுரையின் தொடர்ச்சியாக இந்த நான்கு விவரங்களையும் ஒரு சிறு பெட்டிச் செய்தியாக விடுமுறை முடிவதற்குள் வெளியிட்டு உதவ வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
வடவள்ளி, கோயம்புத்தூர்.